பாவை ஏந்திய விளக்கு

இருளை அகற்றுவதற்கு ஓர் அகலும், சிறிது எண்ணெயும், ஒரு திரியும் போதும். ஆயினும் மனிதன் அவ்வளவில் அமைதி கொண்டானல்லன். அகலுக்குத் தண்டு வைத்தான். தண்டுக்குக் கிளை வைத்தான். இறுதியில் தன் உருவத்தையே உலோகத்தில் வார்த்து, அதன் கையிலே விளக்கைக் கொடுத்தான். உயிருள்ள ஏவலாள் அயர்வாள், உறங்குவாள், கை வலிக்கிறது என்பாள். வெண்கலத்தாலான ஏவலாளோ விடியுமட்டும் அசையாது நிற்பாள். பாவை விளக்கு பிறந்ததற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சு தேசத்திலே செய்யப்பட்ட பாவை விளக்குகளாகும். பதுளையிலிருந்து பசறை வழியாக வந்து, பிபிலைக்கு இறங்கும் மலைப்பாதையிலே கிடக்கும் லுணுகலைக்கும், பாரிசு மாநகரத்து மாளிகை விளக்குக்கும் என்ன உறவு என்று வாசக நேயர்கள் வினவலாம். உறவுகள் இரண்டு உண்டு. ஒன்று, சங்கத் தமிழ் வழியாக வந்த பழைய உறவு. மற்றொன்று, உழைப்போரின் கை வழியாக வரும் உறவு. இரண்டையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

கருமையும் பொன்மையும்

முதலில் அவ்விளக்கின் தோற்றத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். அடியிலே வெண்சலவைக்கல்லாலோ பொன்முலாம் பூசிய வெண்கலத்தாலோ ஆன ஒரு பீடம். அதன்மேல் ஒரு நங்கை நிற்கிறாள். பண்டைக் கிரேக்க மாதரைப் போல மடிப்பு மடிப்பாக விழும் நீண்ட ஆடை, முடித்த கூந்தல், சற்றே சாய்ந்த தலை. அவள் உடல் முழுவதும் கருமை கலந்த பழுப்பு நிறம். அவள் ஏந்தியிருக்கும் கொம்பிலிருந்தோ கலசத்திலிருந்தோ இலையும் பூவுமாகக் கிளைகள் புறப்பட்டு வளைந்து உயர்கின்றன. அக்கிளைகள் யாவும் பொன்னிறம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு மெழுகுதிரி.

இவ்விளக்குகள் பெரும்பாலும் இரட்டையாகவே செய்யப்பட்டன. குளிர் காயும் அடுப்பின் மேற்றட்டிலே நடுவில் ஒரு கடிகாரம். இருபுறமும் இரு பாவையர். பின்னே சுவரில் பெரிய கண்ணாடி. திரிகளை ஏற்றியவுடன் கண்ணாடியிலே சுடர்கள் இரட்டிக்கும். மங்கலாக விடப்பட்ட பொன்னும், தேய்த்து மெருகேற்றப்பட்ட பொன்னும் அச்சுடரை வெவ்வேறு விதமாகப் பிரதிபலிக்கும். கருநிற உடலோ இருளுக்குள்ளே பின்வாங்கி நிற்கும். ஆகவே, சுடர்களும் பொற்கிளைகளும் வானத்திலே மிதப்பன போலவும், யாரோ ஒருத்தி அவற்றை மறைந்து நின்று தாங்குவது போலவும் தோன்றும். கருமையும் பொன்மையும் சேர்ந்ததன் நுட்பம் இதுவே.

கருநிறம் வண்ணப்பூச்சு அன்று. இரசாயனக் கரைசல்களைத் தடவிச் சூடு காட்டி, வெண்கலத்தின் மேற்பரப்பையே நிறம் மாறச் செய்வர். நம் வீட்டுச் செம்பிலும் வெண்கலத்திலும் காலம் தானாக ஏற்றும் களிம்பைக் கைவினைஞன் அளவறிந்து விரைவில் ஏற்றுகிறான் எனலாம்.

பதினாறாம் லூயி மன்னன் காலத்தில், அதாவது 1774இல் தொடங்கி 1792இல் முடிந்த ஆட்சியில், இப்பாவையர் மென்மை வாய்ந்த இளநங்கையராய் இருந்தனர். 1804இல் நெப்போலியன் பேரரசனாய் முடிசூடியபின், சிறகு விரித்து, உருண்டையொன்றின்மேல் நின்று, தலைக்குமேல் சுடர்களை ஏந்தும் வெற்றித் தெய்வமாக மாறினர். 1798இல் அவன் எகிப்தின்மேல் படையெடுத்ததன் விளைவாக, எகிப்தியத் தலையணி பூண்ட பாவையரும் தோன்றினர். இவ்விரு காலங்களிலும் புகழோடு தொழில் செய்த பெருங்கைவினைஞர் பியேர் பிலிப் தொமீர் என்பவர். 1751இல் பிறந்து 1843இல் மறைந்தார். முடிமன்னனுக்கும் வேலை செய்தார். முடியைப் பறித்த புரட்சிக்குப் பின் வந்த பேரரசனுக்கும் வேலை செய்தார். அரசுகள் மாறினும் அரசருக்கு விளக்கு வேண்டியிருந்தது.

சாம்பலுக்கு அடியிலிருந்து வந்த உருவம்

பிரெஞ்சுக் கலைஞர் கிரேக்க ஆடையை எங்கிருந்து கற்றனர்? இத்தாலியிலே வெசூவியசு எரிமலை கி.பி. 79இல் வெடித்தபோது எர்குலேனியம், பொம்பேயி என்னும் இரு நகரங்கள் புதையுண்டன. எர்குலேனியத்தை அகழும் வேலை 1738இலும், பொம்பேயியை அகழும் வேலை 1748இலும் தொடங்கின. பல நூற்றாண்டுகளாக மண்ணுள் கிடந்த சுவரோவியங்களும், வெண்கலப் பாத்திரங்களும், விளக்குத் தண்டுகளும் வெளிப்பட்டன. அவற்றின் படங்கள் ஐரோப்பா எங்கும் பரவின. வளைவும் நெளிவும் மிகுந்திருந்த பழைய அலங்காரத்தில் சலிப்புற்றிருந்த பாரிசுக் கலைஞர், அப்பழமையின் எளிமையையே புதுமையாகக் கொண்டனர்.

உரோமர் தம் விருந்து மண்டபங்களிலே வெண்கல உருவங்களின் கையில் விளக்கை வைத்தனர் என்பதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. 1925இல் பொம்பேயியின் ஒரு வீட்டில் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை கிடைத்தது. கிரேக்கப் பாணியில் அமைந்த அச்சிலை, விளக்குகளைத் தாங்கும் தண்டாக மாற்றியமைக்கப்பட்டிருந்தது. இன்று அது நேப்பிள்சு நகர நூதனசாலையில் இருக்கிறது.

யவனர் தந்த பாவை

இங்கேதான் நம் பழைய உறவு தொடங்குகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் இயற்றினார். மன்னன் பாசறையிலிருக்க, அவனைப் பிரிந்து வருந்தும் அரசியின் அரண்மனையை அதில் அவர் வருணிக்கிறார். அம்மனையிலே ஒரு பாவை நிற்கிறது. அதனைச் செய்தவர் யவனர். அதன் கை ஏந்திய அகல் நிறைய நெய் வார்த்து, பருத்த திரியைக் கொளுத்தி, நெய் குறையுந்தோறும் மேலும் வார்க்கின்றனர். பத்துப்பாட்டில் மற்றொன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலோ அன்ன வடிவில் அமைந்த யவனர் விளக்கு பேசப்படுகிறது.

யவனர் என்றால் யாவர்? மேற்குக் கடலைத் தாண்டி வாணிகம் செய்த கிரேக்க உரோமரே. அவர்கள் பொன்னும் மதுவும் கொண்டுவந்து மிளகைக் கொண்டுபோயினர் என்பதை நாம் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். விளக்கேந்திய பாவையும் அக்கப்பல்களிலே வந்தது போலும். போக்குவரவு ஒருவழியாக மட்டும் நிகழவில்லை. இந்தியத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண்ணுருவம் 1938இல் பொம்பேயியின் இடிபாடுகளிலே கண்டெடுக்கப்பட்டது.

ஆகவே, வாசக நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாரிசுக் கைவினைஞன் எந்த உரோம வழக்கை மண்ணுள்ளிருந்து மீட்டு 18ஆம் நூற்றாண்டில் புதுமையென்று கொண்டாடினானோ, அவ்வழக்கைத் தமிழ்ப் புலவன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாண்டியன் மனையிலே வைத்துப் பாடிவிட்டான். பிரெஞ்சுப் பாவையும் நெடுநல்வாடைப் பாவையும் ஒரு குடும்பத்து மகளிர். ஒருத்தி மேற்கே மணமுடித்துப் போனவள், மற்றவள் நம்மிடம் வந்தவள்.

வந்தவள் இங்கே அந்நியளாக நிற்கவில்லை. கோயிலுள் புகுந்தாள், இரு கைகளையும் குவித்து அகலேந்தி, இறைவன் திருமுன் நின்றாள். அவ்வாறு நிற்பவருள் புகழ்பெற்றவள் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிற் பாவை. தஞ்சை மராத்திய அரச குடும்பத்து அம்முனு அம்மணி என்னும் பெண், தன் உறவினனாகிய பிரதாப சிங்கனையே மணக்க வேண்டுமென்று இறைவனை வேண்டி, இலட்ச தீபம் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். வேண்டுதல் நிறைவேறியது. இலட்சத்துள் ஒரு விளக்கைத் தன் உருவமாகவே செய்வித்து வைத்தாள். ஆண்டு 1853. பாரிசுப் பாவை யாரோ ஒரு கற்பனை நங்கை; அவள் சீமானுக்கு ஒளி பிடிக்கிறாள். திருவிடைமருதூர்ப் பாவையோ பெயரும் ஊரும் உடைய ஒருத்தி. தன் நன்றியைத் தானே ஏந்தி நிற்கிறாள்.

இலங்கையின் கைத்திறமும் இவ்வகையில் குறைந்ததன்று. கேகாலைப் பகுதியில் உள்ள தெடிகமையில், மகா பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தூபியை அகழ்ந்தபோது, 1951இல் ஒரு வெண்கல யானை விளக்குக் கிடைத்தது. யானையின் வயிறே எண்ணெய்க் கலம். அகலில் எண்ணெய் குறைந்து மட்டம் தாழ்ந்தால், காற்று உட்புக, வயிற்றிலிருந்து எண்ணெய் தானாக இறங்கும். மட்டம் உயர்ந்ததும் நின்றுவிடும். நெய் வார்க்கும் பணிப்பெண்ணின் வேலையையும் உலோகமே செய்தது.

பொன் ஏறிய விதம்

இனி இரண்டாவது உறவுக்கு வருவோம். பிரெஞ்சு விளக்கின் பொற்கிளைகள் இருநூறு ஆண்டு கடந்தும் ஒளி குன்றாதிருப்பதைக் கண்டு வியக்கிறோம். அப்பொன் எவ்வாறு ஏறியது?

தங்கத்தைப் பொடித்து, ஏறக்குறைய எட்டு மடங்கு எடையுள்ள பாதரசத்திலே கரைப்பர். அது வெண்ணெய் போன்ற பதத்தில் ஒரு குழம்பாகும். வார்த்துச் செதுக்கி முடித்த வெண்கலத்தை அமிலத்தில் தோய்த்துத் தூய்மை செய்து, அக்குழம்பைத் தூரிகையால் அதன்மேல் தடவுவர். அப்போது அது வெள்ளி போலத் தோன்றும். பொன்னென்று எவரும் கூறார். பிறகு கரிநெருப்பின்மேல் அதனைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவர். பாதரசம் ஆவியாகிப் போகும்; தங்கம் வெண்கலத்தோடு ஒன்றிப் படிந்து நிற்கும். சிறந்த வேலையாயின் இதனையே மீண்டும் மீண்டும் செய்வர். பின்னர் மெருகு வேண்டிய இடங்களை வழவழப்பான கல்லால் தேய்ப்பர். விளக்கின் அழகு முற்றுப்பெற்றது.

பாதரசம் எங்கே போயிற்று? நேயர்களே, அது மாயமாக மறையவில்லை. நெருப்பின்மேல் குனிந்து நின்றவனின் மூச்சிலே புகுந்தது. பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, ஆகவே அதனை நுகர்பவன் அஞ்சுவதில்லை. நாட்கள் செல்லச் செல்ல வாயூறும், ஈறு புண்ணாகிப் பல் ஆடும், தலை சுழலும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை நடுங்கும். நூலிழை போன்ற இலை நரம்பையும் பிசகாது பொன்னாக்கிய கை, உணவுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக இயலாது தள்ளாடும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்தீனோ ரமாசினி, தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், முலாம் பூசுவோர் படும் துன்பத்தை எழுதினார். கற்றோர் அதனைப் படித்தனர். பட்டறைகளில் நெருப்பு அணையவில்லை. மாளிகைகளிலிருந்து வந்த கட்டளைகளும் குறையவில்லை.

பாவையின் கை நடுங்குவதில்லை. அவளைப் பொன்னாக்கியவனின் கையே நடுங்கியது.

ஒரு முதலாளியின் மரண சாசனம்

இவ்விடத்தில் ஒரு மனிதரை நினைவுகூர வேண்டும். அந்திரே அந்துவான் ரவ்ரியோ என்பவர் பாரிசில் வெண்கல வேலைப் பட்டறை நடத்தியவர். நெப்போலியனின் அரண்மனைகளுக்குக் கடிகாரங்களும் விளக்குகளும் செய்து கொடுத்தவர். முலாம் பூசும் தொழிலால் செல்வமும் புகழும் அடைந்த அவர், தம் தொழிலாளரின் நிலையைக் கண்ணாரக் கண்டவருமாவார். 1814இல் அவர் இறந்தபோது, அவரது மரண சாசனத்தில் 3000 பிராங்குப் பணம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. பாதரசத்தின் தீங்கிலிருந்து முலாம் பூசுவோரைக் காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு அதனைப் பரிசாக அளிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அப்பரிசை 1818இல் தார்சே என்னும் இரசாயன அறிஞருக்கு வழங்கியது. அவர் கண்ட வழி மிக எளியது. வேலை செய்யும் அடுப்பின்மேல் ஒரு கூண்டும் உயர்ந்த புகைபோக்கியும் அமைத்தார். அப்புகைபோக்கிக்குள்ளே வேறொரு சிறு நெருப்பை எரியவிட்டார். அதனால் உள்ளிருக்கும் காற்று சூடேறி மேலெழும். அது எழும் வேகத்தில், கீழே பிறக்கும் நச்சாவியையும் இழுத்துக்கொண்டு போகும். தொழிலாளி முன்னால் நின்று வேலை செய்யலாம். ஆவி அவன் முகத்துக்கு வராது. நம் பாடசாலை இரசாயன ஆய்வுகூடங்களில் நச்சுப்புகையை வெளியேற்றும் பெட்டியைக் கண்ட மாணவர்கள், அத்தத்துவம் இங்கே இருப்பதை உடனே உணர்வர்.

கருவி வந்ததும் துன்பம் ஒருநாளில் ஒழிந்துவிட்டதென்று எண்ணற்க. செலவுக்கு அஞ்சுவோர் எந்நாட்டிலும் உண்டு. 1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் முலாம் ஏற்றும் முறைக்கு உரிமை பெற்ற பின்னரே பழைய முறை படிப்படியாகப் பின்வாங்கியது. எனினும் ரவ்ரியோவின் செயல் சிறியதன்று. தான் ஈட்டிய பொன்னிலே பிறர் நடுக்கம் கலந்திருந்தது என்பதை ஒரு முதலாளி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் அதனை வாழும்போதே செய்திருக்கலாமே என்று கேட்பவர்க்கு மறுமொழி இல்லை.

காண்பதும் காப்பதும்

பிரெஞ்சுக் கலைப்பொருள்களைக் காண விரும்புவோர் பாரிசுக்கே போக வேண்டுவதில்லை. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள சாலார் ஜங் நூதனசாலையில், லூயி மன்னர்கள் காலத்தும் நெப்போலியன் காலத்தும் வழங்கிய பாணிகளில் அமைந்த பிரெஞ்சுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. 1951இல் திறக்கப்பட்ட அந்நூதனசாலை, மூன்றாம் சாலார் ஜங் என்னும் ஒரு தனி மனிதர் சேர்த்த பொருள்களிலிருந்து எழுந்தது.

வீட்டிலே பழைய விளக்கு வைத்திருப்போருக்கும் சில சொற்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவது நம் இல்லத்தரசிகளின் நெடுநாள் வழக்கம், அதிலே குற்றமில்லை. ஆனால் பொன்முலாம் பூசிய பொருளுக்குப் புளியும் எலுமிச்சையும் சாம்பலும் பகை. முலாம் மிக மெல்லியது. ஒருமுறை போனால் போனதுதான். கருநிறம் ஏற்றிய வெண்கலத்தையும் அழுக்கென்று நினைத்துத் தேய்க்கலாகாது. மெல்லிய உலர்ந்த துணியும் மென்மையான தூரிகையும் போதும். வழிந்து இறுகிய மெழுகைக் கத்தியால் சுரண்டலாகாது. பழைய முலாமுள்ள பொருளை நெருப்பிலே காட்டவே கூடாது.

வெண்கலமென்று விற்கப்படுவன எல்லாம் வெண்கலமுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துத்தநாகத்தால் வார்த்து, மேலே வெண்கல நிறம் பூசிய மலிவுப் பாவையர் ஏராளமாக வெளிவந்தனர். அடியின் உட்புறத்தில் சிறிது கீறினால், வெண்கலம் மஞ்சளாகவும் துத்தநாகம் சாம்பல் கலந்த வெண்மையாகவும் தெரியும். எதுவாயினும், பாட்டி காலத்து விளக்கைப் பழைய பித்தளை வாங்குவோரிடம் நிறை பார்த்துக் கொடுத்துவிடுதல் தகாது. தராசு உலோகத்தை நிறுக்குமேயன்றிக் கைத்திறத்தை நிறுக்காது.

நம் பக்கத்து விளக்கு

பாரிசு விளக்கின் கதையை இம்மலைநாட்டில் இருந்து படிப்போர்க்கு ஒன்று தோன்றாமற் போகாது. தேநீரின் பொன்னிறத்தைப் புகழ்வோர் பலர். கொழுந்து கொய்யும் விரலின் வெடிப்பைப் பார்ப்போர் சிலர். லயங்களிலே பல தலைமுறையாக இரவு விளக்காய் எரிந்தது குப்பி லாம்பு. போத்தலிலே மண்ணெண்ணெய், மூடியிலே ஒரு துளை, துளையிலே ஒரு திரி. அது சரிந்தால் எண்ணெய் கொட்டும், கொட்டினால் தீப்பற்றும். எரிகாயம் படுவோர் பெரும்பாலும் ஏழைகளே.

அவ்வாறு வெந்தோருக்கு மருத்துவமனைகளிலே சிகிச்சை செய்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்திடுவதோடு நில்லாமல் விளக்கையே திருத்தினார். அவர் அமைத்த ‘சுதீப’ விளக்குக் குட்டையானது; கனமான கண்ணாடியாலானது; எளிதில் சாயாது. சாய்ந்தாலும், இருபுறமும் தட்டையாயிருப்பதால் உருளாது. திருகி மூடும் உலோக மூடியிருப்பதால் எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்சு பரிசு கிடைத்தது. அவ்விளக்கிலே பொன்னில்லை, பாவையில்லை, சீமான்களின் கூடத்தில் அதற்கு இடமுமில்லை. ஆயினும், தார்சேயின் புகைபோக்கிக்கும் அதற்கும் கருத்து ஒன்றே: ஒளி தரும் பொருள் உயிரை வாங்கலாகாது.

பண்டைச் சோழர் கல்வெட்டுகளிலே நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி வருகிறது. விளக்கு வைத்தவன் பெயரோடு, அவ்வாடுகளைப் பொறுப்பேற்று நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டிய இடையன் பெயரும் பல கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவனை மட்டுமன்றி உழைத்தவனையும் கல்லிலே எழுதிய வழக்கம் நம்முடையது.

பிரெஞ்சு விளக்கின் அடியிலே சிற்சில வேளை பட்டறை முதலாளியின் பெயர் காணப்படும். நெருப்பின்மேல் குனிந்து நின்றவனின் பெயரைத் தேடினாலும் காணோம். அழகிய பொருளைக் காணும்போது அழகை வியப்போம், அது தவறன்று. வியந்தபின், இதனைச் செய்த கை எப்படியிருந்தது என்றும் ஒருமுறை கேட்போம். அக்கேள்வியைக் கேட்கும் வீட்டிலேதான் விளக்கு முழுமையாக எரிகிறது.